ஐந்தாம் மாடிச் சொல்

மார்ச் 2

அக்கா,

நலம் விசாரித்து, நாலு வரி சுற்றி வளைத்து, பிறகு விஷயத்துக்கு வரலாம் என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இங்கே வாரத்துக்கு நான்கு தாள்தான் தருகிறார்கள். அதனால் நேராகவே சொல்கிறேன். உன் இரண்டு விரலுக்குக் கிடைத்த நஷ்டஈடு வங்கியில் இல்லை. நிரந்தர வைப்பில் போட்டுவிட்டதாக நான் காட்டிய ரசீது வேறு ஒருவருடையது. பெயர் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காட்டினேன். நீ கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, "சரிடா, பத்திரமா வை" என்றாய்.

அந்தப் பணத்தில் நான் கிரிப்டோ காசு வாங்கினேன்.

திட்டுவதை உன் பதிலுக்கு வைத்துக்கொள். முதலில் இதைக் கேள். வெள்ளிக்கிழமை எனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. தொகையைக் கட்டினால் அன்றைக்கே வெளியே வரலாம். கட்ட ஆளில்லை என்பது எங்கள் லிஃப்ட் கம்பெனிக்குத் தெரியும். அதனால் அவர்களுடைய வக்கீல் நேற்று வந்தார். "ஒரே ஒரு கையெழுத்து தம்பி. பிரேக்கை மாத்தச் சொன்னாங்க, நான்தான் அலட்சியமா விட்டுட்டேன்னு. ஜாமீனை நாங்களே கட்டிடறோம். மிஞ்சிப் போனா மூணு வருஷம்" என்றார். மூன்று நிமிஷம் என்பதுபோலச் சொன்னார்.

மாதாமாதம் லிஃப்ட் பதிவேட்டில் 'சரி பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டது நான்தான். போடாத மாதம் சம்பளம் வராது. ஆனால் பிரேக் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று நான்கு முறை எழுதியும் கொடுத்திருக்கிறேன். அதன் கார்பன் நகல் ஓர் இடத்தில் இருக்கிறது. எங்கே என்று எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் இன்னொருவர் படிக்கிறார். மே ஆறாம் தேதி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறார்கள். அதற்குள் நான் வெளியே வந்து அந்த நகலை எடுக்காவிட்டால், கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் மேலே போனதற்கும், வாளியோடு பாதி உள்ளே பாதி வெளியே நின்ற அந்தப் பெருக்குகிற அம்மா செத்ததற்கும் நான் ஒருவன்தான் காரணம் என்று ஆகிவிடும்.

காசு இருக்கிறது. ஜாமீனுக்குப் போதும், மீதியும் வரும். நீ பதில் எழுதினால் எப்படி எடுப்பது என்று சொல்கிறேன்.

உன் தம்பி

(படிக்கிற சாருக்கு: போன தடவை இரண்டு வரியைக் கறுப்பு மையால் அடித்திருந்தீர்கள். அது மதியச் சாப்பாட்டைப் பற்றியது. இந்த முறை அதைப் பற்றி எழுதவில்லை.)


மார்ச் 11

டேய்,

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்த மூட்டை. எழுந்தபோது புடவையில் ரத்தம். மேஸ்திரி பதறிப்போய், "என்னம்மா, எங்க அடிபட்டுச்சு?" என்றார். எங்கே என்று நான் சொல்ல?

சலவை ரோலர் என் கையை இழுத்த அன்று நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாய். அந்த அழுகையும் கட்டைவிரலை வைத்து மறைத்துக் காட்டியதுதானா?

திட்ட இன்னும் நிறைய இருக்கிறது, தாள் எனக்கு அளவில்லை. ஆனால் நீ உள்ளே இருக்கிறாய். அதனால் கேள்வி மட்டும் கேட்கிறேன்.

அந்தக் காசு எங்கே இருக்கிறது? எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில்? யார் வைத்திருக்கிறார்கள்? நான் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்? கவுன்டர் எத்தனை மணிக்குத் திறக்கும்? மருந்துக்கடைப் பெண்ணிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாதுக்கா, ஆனா உண்டு" என்றாள். பேயைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. உன் போன் போலீஸிடம் இருக்கிறது. போனுக்குள் இருந்த காசு போலீஸிடம் போகாமல் எப்படி உன்னிடம் இருக்கும்? தொலைத்துவிட்டு, இருக்கிறது என்று என்னிடம் சொல்கிறாயா?

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தேன், உனக்குத் தெரியுமா? ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் பஸ். வாசலில் நின்ற காவலர், "உங்க தம்பி பிளாக்ல பொன்னுக்கு வீங்கி. நேர்ல பார்க்கிறது நிறுத்தி வெச்சிருக்கு" என்றார். எப்போது விடுவார்கள் என்றால், "வீக்கம் வத்தினதும்" என்றார். உன் கன்னம் எப்படி இருக்கிறது? போனிலாவது பேச விடுவார்களா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். ரோலருக்குக் கம்பி வலை போடாதது சலவைக் கம்பெனியின் தப்பு. அதை உலகமே பார்த்தது. ஆனால், 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று எழுதி நீட்டினார்கள், நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கையெழுத்துப் போட்டேன். விரல் போனதைவிட அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. அந்த வக்கீல் திரும்ப வந்தால் நீ பேனாவையே தொடாதே.

எப்படி எடுப்பது என்று எழுது. ஒழுங்காக, படிப்படியாக. நான் ஒன்பதாம் வகுப்பு வரைதான் படித்தவள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுது.

அக்கா


மார்ச் 19

அக்கா,

கன்னம் நன்றாக இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரருக்கு இரண்டு பக்கமும் வீங்கி, ஆள் அடையாளமே தெரியவில்லை. கோர்ட்டுக்குப் போனால் வேறு ஆள் என்று விட்டுவிடுவார்கள். இங்குள்ள போன் மெஷின் நான்கு மாதமாகக் கெட்டுக்கிடக்கிறது. அரை மணி நேரத்தில் நானே சரிசெய்துவிடுவேன், ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுக்கமாட்டேன் என்கிறார்கள்.

உன் கேள்விக்கு வருகிறேன். காசு எந்த ஊரிலும் இல்லை. அது ஒரு பதிவேடு. அதன் நகல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. ஒருவர் ஒரு வரியைத் திருத்தினால் மற்ற நகல்கள் எல்லாம் அது செல்லாது என்று சொல்லிவிடும். பின்தேதி போட முடியாது, பக்கத்தைக் கிழிக்க முடியாது, ஆளைப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்க முடியாது. லிஃப்ட் பதிவேட்டில் மாதாமாதம் பொய் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது என்று கேட்டதும் எப்படி இருந்திருக்கும், நீயே யோசி.

யார் சொன்னது என்று கேட்பாய். யாரும் என்னிடம் சொல்லவில்லை. பதினோராவது மாடியில் இதற்கு வகுப்பு எடுக்கிற ஓர் ஆபீஸ். கோட் போட்ட ஒருவர் நடத்துகிறார். நான் லிஃப்டுக்குள் டூல் பையோடு நிற்பேன், அவர் ஆட்களிடம் பேசிக்கொண்டே வருவார். லிஃப்டில் பேசுகிறவர்களுக்கு மெக்கானிக்கும் லிஃப்டில் ஒரு பாகம்தான். "சார், நடுவுல பேங்க் கிடையாது, மேனேஜர் கிடையாது, உங்க காசுக்கு நீங்கதான் முதலாளி" என்பார். பதினொரு மாடி ஏறுவதற்குள் ஒரு பாடம். ஏழு மாதம் படித்தேன், பைசா கட்டணமில்லை.

ஒரு தப்பு செய்தேன். எல்லோருக்கும் பெயர் தெரிந்த பெரிய காசு ஒன்று இருக்கிறது. அதில் முழுசாக ஒன்று வாங்க நம்மால் ஆகாது என்று விட்டுவிட்டேன். அதைப் பொடிப்பொடியாகவும் வாங்கலாம் என்று அப்போது தெரியாது. கோட்டுக்காரர் சொன்ன சின்னக் காசு ஒன்றை வாங்கினேன். கை கொள்ளாத எண்ணிக்கையில் வந்தது. எண்ணிக்கையைப் பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் அது ஏறியது, அக்கா. நான் பிடிபட்ட அன்று காலையில் உன் பணம் மூன்று பங்காகியிருந்தது. பொய்யில்லை.

இனி முக்கியமானது. பதிவேட்டில் என் பெயர் கிடையாது, பூட்டு மட்டும்தான். சாவி என்பது பன்னிரண்டு இங்கிலீஷ் சொற்கள், வரிசை மாறாமல். எந்தப் போனிலும் அந்தக் காசுக்கான ஆப்பை (பெயர் அடுத்த உறையில்) இறக்கி, பன்னிரண்டையும் அடித்தால் பெட்டி திறக்கும். போலீஸ் வைத்திருப்பது வெறும் போன். சொற்களை எங்கும் எழுதி வைக்காதே என்பது பாடம். நான் எழுதவில்லை. எங்கள் கட்டடம் பன்னிரண்டு மாடி. மாடிக்கு ஒரு சொல்லாக வைத்தேன். வெறும் சொல் மறந்துபோகும் என்பதால் ஒவ்வொன்றையும் நம் வீட்டுச் சமாச்சாரம் ஒன்றோடு முடிச்சுப் போட்டேன்.

அதனால் சொல்லை எழுத மாட்டேன், முடிச்சை மட்டும் எழுதுகிறேன். படிக்கிற சாருக்கு நம் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது, உனக்குத் தெரியும்.

முதல் மாடி: வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர் மேல் அம்மா வீசியது. இரண்டாவது: நம் பாத்ரூம் ஜன்னலில் குடித்தனம் இருந்தது, நீ அதற்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தாய். மூன்றாவது: நான் யாரைக் கடித்தேன்? நான்காவது: சித்தப்பா எதிலிருந்து விழுந்தார்? ஐந்தாவது: அப்பா வீட்டை விட்டுப் போன அன்று கையில் எடுத்துக்கொண்டு போனது. ஆறாவது: என் மார்க் ஷீட்டைத் தின்றது. (உண்மையிலேயே தின்றது. நீ இன்னும் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும்.)

ஏழு முதல் பன்னிரண்டு வரை நாளைக்கு வேறு உறையில். ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் சொல்லின் முதல் மூன்று எழுத்தை அடித்தாலே ஆப் தானாகப் பட்டியல் காட்டும். பட்டியலில் இல்லாத சொல் சாவியில் இருக்காது. யார் எதிரிலும் அடிக்காதே. மருந்துக்கடைப் பெண் நல்லவள்தான், அவள் எதிரிலும் வேண்டாம்.

திறந்ததும் ஜாமீனுக்கு வேண்டியதை விற்று வக்கீலிடம் கட்டச் சொல். ஜாமீன் வாங்கித் தந்த நம் இலவச வக்கீலிடம், கோட்டுக்கார வக்கீலிடம் இல்லை. (கம்பெனி வக்கீலும் கோட்தான் போடுகிறார். அவரைச் சொல்கிறேன்.)

தம்பி


ஏப்ரல் 1

தம்பி,

இரண்டு உறையும் வந்தன. பன்னிரண்டையும் படித்தேன். பத்தாவது மாடி முடிச்சைப் படித்துவிட்டு லினன் அறையில் தனியாகச் சிரித்தேன். அம்மா போனபிறகு இப்படிச் சிரித்ததில்லை. மூன்றாவதில் வருகிற அந்த மனிதர் இன்னும் தழும்பைத் தடவிக்கொண்டுதான் இருப்பார்.

ஆப்பை இறக்கினேன். என் போனில் கண்ணாடி உடைந்திருக்கிறது, எஸ் எழுத்து இருக்கிற இடத்தில் இரண்டு தடவை அழுத்த வேண்டும். மூன்று விரல் கையால் போனைப் பிடித்து மறு கையால் அடித்தேன். ஒவ்வொரு சொல்லும் நீ சொன்னதுபோலப் பட்டியலில் வந்தது. பன்னிரண்டும் வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

கடைசிப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பில் ஒரு வரி. சொற்கள் தவறு. அவ்வளவுதான்.

எது தவறு என்று சொல்லவில்லை. பதினொன்று சரி, ஒன்று தப்பா, இல்லை பன்னிரண்டும் தப்பா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? திரும்ப அடித்தேன். ஒன்பது தடவை. உதவிக்கு எண் இருக்கிறதா என்று தேடினேன். 'உங்கள் சொற்களை நாங்கள் வைத்திருப்பதில்லை, எங்களால் உதவ முடியாது' என்று மரியாதையாக எழுதியிருக்கிறது. நடுவில் மேனேஜர் இல்லை என்று உன் கோட்டுக்காரர் சொன்னார் அல்லவா, உண்மைதான். எந்த மேனேஜரிடம் போய்க் கத்துவது?

நீதான் ஏதோ ஒன்றைத் தப்பாக எழுதியிருக்கிறாய். யோசித்துப் பார்த்து எழுது. அதிக நாள் இல்லை.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

நான் தப்பாக எழுதவில்லை. இங்கே ராத்திரி பகல் இல்லாமல் விளக்கு எரிகிறது. படுத்துக்கொண்டே ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்குகிறேன். கதவைத் திறந்தால் சொல் அங்கே நிற்கிறது. பன்னிரண்டும் நிற்கிறது.

நீ எதையோ மறந்துவிட்டாய். கோபப்படாதே, உனக்கு எப்போதும் வேலைதான் நினைவிருக்கும், வீடு நினைவிருக்காது. சித்தப்பா விழுந்த அன்று நீ அங்கே இருந்தாயா, டியூட்டியில் இருந்தாயா? நான்காவதை மறுபடி யோசி, அவர் போஸ்டர் ஒட்டத்தான் ஏறினார். எட்டாவது நான் முதல் சம்பளத்தில் வாங்கியது. போன் என்று போட்டுவிட்டாயா? போன் அதற்குப் பிறகு. பன்னிரண்டாவதும் சந்தேகமாக இருக்கிறது. ஐந்தாவதை விட்டுவிடு, அது நம் இரண்டு பேருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

கம்பெனி வக்கீல் மறுபடி வந்தார். இந்த முறை டைப் அடித்தே கொண்டுவந்துவிட்டார். "உங்கக்கா எவ்வளவு நாள் அழுக்குத்துணி துவைச்சு உங்களை வெளியே எடுப்பாங்க?" என்றார். உன்னைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? நான் பேனாவைத் தொடவில்லை. ஆனால் தாளைப் படித்தேன். நான் எழுதினால்கூட அவ்வளவு நம்பும்படியாக எழுத முடியாது. கீழே என் பெயர், பெயருக்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்தால் கை தானாகவே போகிறது. பதினோரு வருஷப் பழக்கம்.

செத்துப்போன அந்த அம்மாவின் மகள் கோர்ட்டுக்கு வந்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்காரர்கள் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. அவளுக்குத் தெரிந்த முகம் என்னுடையதுதான். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் லிஃப்டில் வணக்கம் சொன்ன முகம்.

ஒழுங்காக யோசித்து அடி அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 17

எனக்கு வீடு நினைவிருக்காதா?

சரி, நினைவிருப்பதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். படிக்கிறவர் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

சித்தப்பா விழுந்த அன்று அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டவளே நான்தான். உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கியதை இரண்டு வருஷம் ஓட்டி நான் வேலைக்குப் போயிருக்கிறேன், அதன் செயின் என் புடவையைத் தின்ற கறைகூட எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது நீ சட்டைப் பையிலேயே வைத்துத் துவைக்கப் போட்டது. நான்தான் காயவைத்து எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்தாவதை விட்டுவிடு என்று சொல்கிறாய். அதை நான் எப்படி விடுவது? எனக்குப் பதினைந்து, உனக்கு ஒன்பது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அப்பா அம்மாவின் தையல் மெஷினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அம்மா காலைப் பிடித்தாள். "அதை மட்டும் விட்டுட்டுப் போங்க, வேற எது வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்றாள். படியில் மெஷினின் ஊசி என் பாவாடையில் மாட்டிக் கிழித்தது. வழியை மறித்துக்கொண்டு நின்றேன், ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போனார். அம்மா தைத்த கடைசி ஜாக்கெட் பாதியில் நின்றது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை, சலவைக்குப் போனேன். இருபத்தி இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் அங்கேதான் இருக்கிறேன். மெஷின் இருந்திருந்தால் ரோலர் ஏது, இரண்டு விரல் போனது ஏது, நஷ்டஈடு ஏது, உன் காசு ஏது?

அதனால் வீடு எனக்கு நினைவில்லை என்று மட்டும் சொல்லாதே. மெஷின் என்று அடித்தேன். மூன்று எழுத்து அடித்ததும் பட்டியலில் முதலில் அதுதான் வந்தது. ஐந்தாவது மாடியில் ஒரு தப்பும் இல்லை. வேறு எங்கேயோ இருக்கிறது. நீயே கண்டுபிடி.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

அப்பா மெஷினையா எடுத்துக்கொண்டு போனார்?

நான் எழுந்தபோது அவர் இல்லை. எங்கே என்று கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் நின்றாய். வெளியே மழை. "அப்பா குடையை எடுத்துட்டுப் போயிருக்காருடா. மழை விட்டா வந்துடுவாரு. குடையை எடுத்துட்டுப் போறவங்க திரும்பி வரத்தான் எடுத்துட்டுப் போவாங்க" என்றாய். உன் பாவாடை கிழிந்திருந்ததை நான் பார்த்தேன். ஆணி மாட்டியது என்று சொன்னாய். மெஷின் எங்கே என்று கேட்டதற்கு ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றாய்.

நான் அதை நம்பிவிட்டேன். ஒன்பது வயதில் மட்டுமில்லை. எங்கே மழை பெய்தாலும், விட்டதும் ஒரு தடவை வாசலைப் பார்ப்பேன். ஆள் வரமாட்டார் என்று தெரியும், ஆனாலும் தலை திரும்பும். அந்தப் பன்னிரண்டு சொல்லும் ஆப்பில் வந்தபோது ஐந்தாவதாகக் குடை என்று வந்தது. இதற்கு முடிச்சே போட வேண்டாம், ஏற்கெனவே போட்டிருக்கிறது என்று நினைத்தேன்.

உனக்கு அந்தப் பொய் நினைவில் இல்லை. எப்படி இருக்கும்? சொன்ன சில நாளிலேயே நீ வேலைக்குப் போய்விட்டாய். எனக்குத்தான் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரம் இருந்தது.

கோபம் இல்லை. ஒரு சொல்லைத் திறந்து எழுதினால் ஒன்றும் ஆகாது: குடை. அம்ப்ரெல்லா. படிக்கிற சார், இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

கடிதம் எட்டு நாள் எடுக்கிறது. கிடைத்த அன்றே அடி. மே ஆறாம் தேதி காலையில் கம்பெனி வக்கீல் கடைசியாக வருகிறார்.

தம்பி


மே 3

தம்பி,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். எப்படியாவது ஆறாம் தேதிக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும்.

முதலில் முக்கியமானது. கையெழுத்துப் போடாதே. என்ன ஆனாலும் போடாதே.

காலையில் உன் கடிதம் வந்தது. அந்தப் பொய்யைச் சொன்னது எனக்கு நினைவு வந்தது. ஜன்னலும் மழையும்கூட நினைவு வந்தது. உன் முகம் மட்டும் நினைவு வரவில்லை. நான் உன்னைப் பார்க்காமல்தான் சொல்லியிருக்க வேண்டும்.

குடை என்று அடித்தேன். திறந்தது.

உன் காசு எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை, உன் பதிவேடு பொய் சொல்லவில்லை. பக்கத்தில் இன்றைய விலை போட்டிருக்கிறது. கோடு ஒன்றும் வரைந்திருக்கிறது. ஏப்ரல் இருபது வரை கோடு மேலே போகிறது. இருபத்தி ஒன்றாம் தேதி மதியத்துக்கு மேல் செங்குத்தாகக் கீழே வருகிறது. அதற்குப் பிறகு தரையோடு தரையாக. எல்லாவற்றையும் விற்றால் என் இரண்டு விரலுக்கு ஒரு குடை வாங்கலாம். விற்றுக் கொடுக்கக் கூலி வேறு கேட்கிறது. அது போனால் கைப்பிடி மட்டும் மிஞ்சும்.

நம்பாமல், இங்கே நம் ஊரிலேயே இருக்கிற உன் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்டுக்கு சீல் வைத்திருக்கிறார்கள். கீழே செக்யூரிட்டி, "பதினோராவது மாடியா? இன்னைக்கு நீங்க நாப்பதாவது ஆளு. படியில போங்க" என்றார். ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் மூச்சு வாங்க நின்றேன். நின்ற இடத்திலெல்லாம் உன் சொல்லைச் சொன்னேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது, படிக்கிறவரும் எழுதிக்கொள்ளட்டும். முதல் மாடி கரண்டி. புறா. பல் டாக்டர். ஏணி. ஐந்தாவது மாடியில் சொல் வாயில் வரவில்லை, படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு கழுதை. அம்மா போர்த்தி அனுப்பிய கம்பளி. சைக்கிள். நீ உடைத்துவிட்டு என் மேல் பழி போட்ட கண்ணாடி. அம்மா கோபம் வந்தால் மட்டும் நறுக்கும் வெங்காயம். பதினோராவதில் சோப்பு.

கோட்டுக்காரரின் கதவு பூட்டியிருக்கிறது, வாடகைக்கு என்று போர்டு. வாசலில் எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டீச்சர், சாப்பாடு டெலிவரி செய்கிற ஒருவர், ஒரு கணவன் மனைவி. யாரும் அழவில்லை. "நீங்க எந்த பேட்ச்?" என்று டீச்சர் கேட்டார். "எங்க தம்பி லிஃப்டுலயே படிச்சான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

பன்னிரண்டையும் முடித்துவிடலாம் என்று இன்னும் ஒரு மாடி ஏறினேன். டிக்கெட். உனக்கு வேலை கிடைத்து நீ முதன்முதல் போன பஸ் டிக்கெட். அதற்கு மேல் மொட்டை மாடி. கதவு திறந்துதான் கிடந்தது, ஏதோ மோட்டார் அறை தெரிந்தது. அங்கே எனக்கு என்ன வேலை? இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி நான் குடை என்று அடித்திருந்தால் அன்று சாயங்காலமே ஜாமீன் கட்டியிருப்பேன். அதை நினைத்துக்கொண்டுதான் நூற்றுக்கணக்கான படி இறங்கினேன். சின்னப் பையன் அழக் கூடாது என்று சொன்னது. வேறு ஒன்றுக்காகவும் இல்லை.

மேஸ்திரியிடம் முன்பணம் கேட்டிருக்கிறேன். சலவைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தருகிறார்கள். போதாது, ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நீ வெளியே வந்து அந்த நகலை எடு. அதுவரை பேனாவைத் தொடாதே.

அக்கா


மே 6

அக்கா,

உன் பதில் இன்னும் வரவில்லை. இன்று தபால் மதியத்துக்கு மேல்தான் தருவார்கள் என்கிறார்கள். பொன்னுக்கு வீங்கி வத்திவிட்டது, அடுத்த வாரம் முதல் நேரில் பார்க்கலாமாம். அதற்கு அவசியமில்லை. நானே வந்துவிடுவேன்.

காலையில் வக்கீல் வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

திட்டாதே. பயந்து போடவில்லை. எல்லா ராத்திரியும் யோசித்துத்தான் போட்டேன். குடை என்று நீ அடித்திருப்பாய், பெட்டி திறந்திருக்கும், இது எனக்கு நிச்சயம். அந்தக் காசை எடுத்து என் ஜாமீனில் கொட்டினால் உனக்கு என்ன மிஞ்சும்? உன் பதினைந்து வயதை நான் தின்றேன். உன் விரலையும் தின்றால் பிறகு நான் என்ன மனுஷன்? ஜாமீனைக் கம்பெனியே கட்டட்டும். வழக்கு நடந்து தீர்ப்பு வர இரண்டு வருஷமாகும். மூன்று வருஷம் என்றால் நல்ல நடத்தையில் குறைப்பார்கள். கோர்ட்டுக்கு வந்த அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்தால் முழுக்கப் பொய் என்றும் எனக்குத் தோன்றவில்லை. பதிவேட்டில் கையெழுத்து என்னுடையதுதானே.

நகல் இனித் தேவையில்லை, அதனால் இடத்தைச் சொல்லலாம். மொட்டை மாடி மோட்டார் அறையில், காலி கிரீஸ் டப்பாவுக்குள் சுருட்டி வைத்திருந்தேன். கதவு பூட்டே இல்லாத அறை. இவ்வளவு நாளும் யாருக்கும் தெரியவில்லை.

குடைக்காக வருத்தப்படாதே. எனக்குக் கிடைத்ததில் அது ஒன்றுதான் இத்தனை வருஷம் ஒழுகாமல் இருந்தது.

காசை மட்டும் விற்றுவிடாதே. யார் சொன்னாலும் விற்காதே. விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதைப் பார்த்துப் பதறாதே. அது முழுக்க உன்னுடையது. ஏறும் அக்கா. பொறுமையாக இரு, ஏறும்.

தம்பி